இராமசாமி பிடித்த கயிறு

பாராசூட் மடிப்பவனை யாரும் நினைப்பதில்லை. குதிப்பவனைப் பார்த்துக் கை தட்டுவார்கள். விமானம் ஓட்டுபவனோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மடித்தவன் பெயர் வெளியே வரவேண்டுமென்றால் யாராவது சாக வேண்டும். அப்போதுதான் முதுகுப் பையின் ஓரத்தில் செருகியிருக்கும் அட்டையை உருவி, யார் கையெழுத்து என்று பார்ப்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் அந்த அட்டைகளில் இருந்தது என் கையெழுத்து. என் பெயர் பரமசிவம். சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில் வெள்ளைக்காரர்களின் விமானத் தளம் ஒன்றில் பாராசூட் மடிப்பறைக்கு நான் தலைவன். தளத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் மேல் தப்பு எதுவும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது, அதனால்தான் நானே சொல்கிறேன்.

எனக்கு முன்னால் அந்தப் பதவியில் இருந்தவர் இராமசாமி. அதிகம் பேசமாட்டார், சிரிக்கவே மாட்டார். அந்த வருஷம் மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்பதடி மேசையில் விரித்திருந்த துணியின் மேல் தலையைச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார். கயிறுகளைப் பிரித்துக்கொண்டே தூங்கிவிட்டார் என்று நினைத்து, மனிதருக்கும் வயசாகிவிட்டது என்று நாங்கள் கேலி செய்தோம். அரை மணி நேரம் கழித்துத்தான் உயிர் இல்லை என்று தெரிந்தது. அவருடைய வலது கைக்குள் ஐந்து கயிறுகள் இருந்தன. கை திறக்கவில்லை.

என்னோடு வேலை செய்த சேக் தாவூதுதான் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். கடைசி விரலை நிமிர்த்திய பிறகு அது மறுபடியும் தானாக மடங்கிக் கயிற்றைப் பிடித்தது என்று அவன் சத்தியம் செய்தான். பிணத்தின் நரம்பு சில சமயம் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பார்க்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த வாரம் கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு வந்தது. உள்ளூர்க்காரனுக்கு அது லேசில் கிடைக்கும் சமாசாரம் இல்லை. அதிகாரி என்னை அழைத்து, ஒரே ஒரு தப்பு நடந்தாலும் இங்கிலாந்திலிருந்து ஆள் வரவழைப்பேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய நோட்டு ஒன்றில் கையெழுத்தைப் போட்டுப் போட்டுப் பழகினேன். நாற்பத்தோரு வயசில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து எழுதியதைப் பார்த்து என் மனைவி சந்திரமதி சிரித்தாள்.

ஃபேரர் பார்க் திடலுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். எங்களோடு அவள் தம்பி செல்லக்கண்ணுவும் இருந்தான். தாய் தகப்பன் இல்லாதவன். எட்டு வயசிலிருந்து அவனை வளர்த்தது அவள்தான். இருபத்து நாலு வயசு, ஒயர்மேன் வேலை, வாரக் கடைசி வந்தால் கால் தரையில் நிற்காது. தளத்தில் இருந்த குதிப்போர் சங்கத்தில் உள்ளூர் ஆட்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று ஒருநாள் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தேன். மறுநாளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான்.

சந்திரமதி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு நிபந்தனையோடு பேசினாள்.

"நீங்க மடிச்சதுல மட்டும்தான் அவன் குதிக்கணும். வேற யாரு மடிச்சதையும் அவன் முதுகுல ஏத்தக் கூடாது. உங்களை நம்பித்தான் அனுப்புறேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

ஆயுத பூசை வந்தது. ஒவ்வொரு வருஷமும் மடிப்பறையில் பூசை நடக்கும். வெள்ளைக்காரர்களும் வந்து சுண்டல் தின்றுவிட்டுப் போவார்கள். இராமசாமி காலத்தில் கத்தரி, கொக்கி, தையல் எந்திரம் இவற்றை மட்டும் ஒரு ஓரத்து மேசையில் அடுக்கிப் பொட்டு வைப்பார்கள். மடித்து முடித்த பைகளைக் கிட்டேயே கொண்டுவர விடமாட்டார். சாமிக்குக் கண் நன்றாகத் தெரியும், தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளும் என்பார். மனிதருக்குப் பக்தி போதாது என்று நான் உள்ளுக்குள் நினைத்துக்கொள்வேன்.

பாராசூட் பையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். குதிப்பவனின் மார்போரத்தில் இரும்புப் பிடி ஒன்று இருக்கும். அதை இழுத்தால், அதனோடு சேர்ந்த கம்பி முதுகுப் பக்கம் போய் மூன்று ஊசிகளை உருவும். அந்த ஊசிகள்தான் பையின் பூட்டு. அவை கழன்றால் பை வாயைத் திறக்கும், துணி பறக்கும், ஆள் பிழைப்பான். மார்பில் இரண்டாவதாக ஒரு சின்னப் பாராசூட்டும் உண்டு. முதலாவது திறக்காவிட்டால் அதை இழுக்கவேண்டும்.

நான் தலைவனான முதல் பூசை அது. அலமாரியில் குதிப்போர் சங்கத்தின் பன்னிரண்டு பைகள் மடித்துத் தயாராக இருந்தன. உயிரைக் காப்பது கத்தரியா ஊசியா என்று யோசித்தேன். ஊசிக்குத்தானே பூசை செய்யவேண்டும்? பன்னிரண்டு பைகளின் மூடியையும் திறந்து, முப்பத்தாறு ஊசிகளுக்கும் சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம் வைத்து, மூடியை மறுபடி அழுத்தி மூடினேன். என் கையால், ஒவ்வொன்றாக. செல்லக்கண்ணு எடுக்கும் பைக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

பூசைக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் யாரும் குதிக்கவில்லை. வெயில் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு கார்ப்பரல் குதித்தான். இறங்கியவன் நேராக மடிப்பறைக்கு வந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. பிடியை இழுத்தபோது வரவில்லை, மறுபடி இழுத்தபோதும் வரவில்லை, மூன்றாவது முறைதான் விட்டது என்றான். பிடி எங்கே என்று கேட்டேன். பயத்தில் வானத்திலேயே தவறவிட்டுவிட்டானாம். பழகாத கை என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் இன்னொருவன். அவனும் பிடியைத் தவறவிட்டிருந்தான். ஆனால் அவன் சொன்ன விதம் வேறு. துருப்பிடித்த பொருள் சிக்கிக்கொள்வது போல இல்லை, மறுமுனையில் ஒரு ஆள் பிடித்திருந்தது போல இருந்தது என்றான். அவனுக்கு இராமசாமியைத் தெரியாது. அவர் செத்த பிறகு வந்தவன். அவன் போனதும் சேக் தாவூது மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"ராமசாமிண்ணன் இன்னும் விடல," என்றான் மெதுவாக.

போய் வேலையைப் பார் என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டேனே தவிர, அன்று முழுவதும் எனக்கு இராமசாமி உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்காரப் பிடிக்கவில்லை.

நனைந்த பாராசூட்டுகளைக் காயவைக்க மடிப்பறையை ஒட்டி ஓர் உயரமான கோபுரம் உண்டு. உச்சியில் துணியைக் கட்டிவிட்டால் கயிறுகள் தரை வரைக்கும் தொங்கும். பட்டப்பகலிலும் அதற்குள் வெளிச்சம் குறைவு. ஒருநாள் காலையில் உள்ளே போனபோது விமானிகளுடைய எட்டுப் பாராசூட்டுகள் தொங்கின. காற்றே இல்லை. ஏழின் கயிறுகள் தொளதொளவென்று கிடந்தன. ஒன்றின் கயிறுகளில் ஐந்து மட்டும் விறைத்து நின்றன, யாரோ கீழே உட்கார்ந்து கைக்குள் வைத்து இழுப்பது மாதிரி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை தளர்ந்தன. துணி காயும்போது சுருங்கும், கயிறு இழுபடும், இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபுரத்துக் கதவை மூடிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து துணி எடுக்கச் சேக் தாவூதைத்தான் அனுப்பினேன். அவன் போகமாட்டேன் என்று தினமும் சண்டை போட்டான்.

மூன்றாவதாகச் செல்லக்கண்ணு குதித்தான்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். மடிப்பறையில் நான் மட்டும்தான் இருந்தேன். கையில் சுருட்டிய துணியோடு வந்து மேசையில் போட்டான். அவன் புத்திசாலி, பிடியை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மச்சான், அந்தப் பக்கம் யாரோ பிடிச்சிருந்தாங்க லா. சும்மா சொல்லல. நான் இழுக்க இழுக்க அவங்களும் இழுத்தாங்க. மரமெல்லாம் தெரிய ஆரம்பிச்சிருச்சு, அப்பதான் விட்டுச்சு."

பேசிக்கொண்டே பிடியை என்னிடம் நீட்டினான். கம்பியின் முனையில் மூன்று ஊசிகள். மூன்றிலும் மஞ்சளும் சிவப்புமாகக் கட்டி தட்டியிருந்தது. சந்தனம் காய்ந்து, குங்குமம் இரும்பைத் தின்று, மழைக்கால ஈரத்தில் துரு ஏறி, ஊசியை அதன் துளையோடு சேர்த்துப் பூசி மெழுகியிருக்கிறது. பேய் எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. என் விரலில்தான் இருந்தது.

பிடியைத் துணிக்கு அடியில் தள்ளினேன். அவன் கவனிக்கவில்லை. அதிகாரியிடம் போய் எல்லாப் பையையும் பிரித்துப் பார்க்கச் சொல்லப் போகிறேன் என்றான். நியாயமான பேச்சு. நானே சொல்லியிருக்கவேண்டிய பேச்சு. பையைப் பிரித்தால் முதலில் தெரிவது சந்தனம், அடுத்துத் தெரிவது அட்டையில் என் கையெழுத்து. பாராசூட்டுக்குப் பொட்டு வைத்தவன் என்று தளம் முழுக்கச் சிரிப்பார்கள். இங்கிலாந்திலிருந்து ஆள் வரும். வீட்டில் சந்திரமதி என்ன செய்வாள் என்று நினைக்கவே முடியவில்லை.

"வேணாம்டா," என்றேன். "அது ராமசாமிண்ணன்தான். கெட்டவரு இல்ல, கை மட்டும் விடமாட்டேங்குது. பேரைச் சொல்லி மூணு தடவை கூப்பிடு. விட்டுருவாரு."

அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை. மூன்று தடவை என்று ஏன் சொன்னேன்? என் குரல்கூட அப்போது என் குரலாக இல்லை, இராமசாமி மாதிரி தாழ்ந்து, இழுத்து வந்தது. செல்லக்கண்ணு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கையில் மயிர் குத்திட்டிருந்தது. அக்காவுக்கு மட்டும் இதெல்லாம் தெரியவேண்டாம், தெரிந்தால் குதிக்கவே விடமாட்டாள் என்று சேர்த்துச் சொன்னேன். அதற்கு உடனே ஒப்புக்கொண்டான்.

மிச்சமிருந்த ஒன்பது பைகளையும் அந்த வாரமே திறந்தேன். சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, ஊசியையும் துளையையும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, புதுசாக மடித்துக் கையெழுத்துப் போட்டேன். முன்பே திரும்பி வந்த மூன்றையும் அப்படியே செய்தேன். பன்னிரண்டும் பழுதில்லாமல் ஆயின. அதன் பிறகு யாரும் எந்தப் புகாரும் சொல்லவில்லை. ஊசி சரியானதும் கதையும் செத்துவிடும் என்று நினைத்தேன்.

கதை சாகவில்லை. செல்லக்கண்ணு அடுத்த ஞாயிறு குதித்துவிட்டு வந்து என் காதோடு சொன்னான். இழுப்பதற்கு முன்பே மூன்று தடவை கூப்பிட்டானாம். கூப்பிட்டதும் பிடி தானாகவே லேசாகிவிட்டதாம். ஆமாம், ஆகாமல் என்ன செய்யும்? அந்த ஊசியை நான் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தேன். அதைத்தான் சொல்லமுடியவில்லை.

அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. கூப்பிட்ட பிறகு இவன் காத்திருக்கிறானாம். முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சு கேட்குமாம், பிறகு பிடி தளருமாம், அதற்குப் பிறகுதான் இழுப்பானாம். மணிக்கு நூற்றுச்சொச்சம் மைல் வேகத்தில் விழுந்துகொண்டிருப்பவன் மூச்சுச் சத்தத்துக்குக் காத்திருக்கிறான்.

அன்றைக்குச் சாயங்காலமே சிராங்கூன் சாலையில் ஒரு காப்பிக் கடைக்குக் கூட்டிப்போனேன். இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். காப்பி வந்தது, ஆறியது. நான் பேசினேன். இராமசாமி என்று யாரும் இல்லை, உன்னைத் தைரியப்படுத்தச் சும்மா சொன்னேன், இனிமேல் கூப்பிடாதே, நேரம் வந்ததும் இழு என்றேன். சந்தனத்தைப் பற்றி வாய் வரைக்கும் வந்தது. வாயைத் தாண்டவில்லை.

"அப்ப அன்னிக்கு ஊசியைப் பிடிச்சது யாரு?" என்று கேட்டான்.

என்னிடம் பதில் இருந்தது. ஒரே வார்த்தை. நான் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க பயப்படுறீங்க மச்சான்," என்றான் செல்லக்கண்ணு. எனக்கு ஆறுதல் சொல்வது மாதிரி கையைத் தட்டிக்கொடுத்தான். "எனக்கு இப்ப பயமே இல்ல. அவரு கூடவே வர்றாரு. மேல போனா தனியா இல்ல, அது போதும்."

பாதி உண்மையை யார் நம்புவார்கள்? அவன் நம்பவில்லை. மீதிப் பாதியை நான் கொடுக்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் சங்கத்தார் ஒரு படம் எடுக்கத் திட்டமிட்டார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக, எப்படிப் பத்திரமாகக் குதிப்பது, எப்போது இழுப்பது என்று சொல்லும் படம். குதிப்பதில் கெட்டிக்காரனான ஒரு ஆங்கிலேய சார்ஜன்ட், சண்டை விமானத்துத் துப்பாக்கியோடு வைக்கும் சின்னக் காமிராவைக் கழற்றித் தன் தலைக்கவசத்தில் பொருத்திக்கொண்டிருந்தான். அவன் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புகிறானோ அந்தப் பக்கத்தைக் காமிரா பிடிக்கும். அவனோடு சேர்ந்து குதித்து, அவன் முகத்துக்கு எதிரே விழுந்து, சரியான நேரத்தில் பிடியை இழுத்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும். செல்லக்கண்ணுவைத் தேர்ந்தெடுத்தார்கள். உடம்பை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொள்வதில் அவனுக்கு இணையில்லை.

வெள்ளிக்கிழமை அவன் பையை நான் இரண்டு தடவை பிரித்து மடித்தேன். ஊசிகளை உருவிப் பார்த்தேன், வெண்ணெயில் இறங்குவது போல வழுக்கின. இரண்டாவது பாராசூட்டையும் மடித்தேன். இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். படம் எடுக்கும் ஞாயிற்றுக்கிழமை நான் தளத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். காய்ச்சல் இல்லை. போயிருந்தால் விமானத்துக்கு முன்னால் நின்று உளறியிருப்பேன். அந்தப் பயத்தில்தான் போகவில்லை. காலையில் அவன் என் தலைமாட்டில் வந்து நின்று, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிடோக் கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு தென்னந்தோப்பில் அவனைக் கண்டெடுத்தார்கள். பாராசூட் திறக்கவே இல்லை. இரண்டும்தான்.

புதன்கிழமை விசாரணை. அட்டையை உருவி என் பெயரைப் படித்தார்கள். பிறகு எனக்கு எதிரிலேயே பையை மேசையில் வைத்து, அதிகாரி தன் கையால் பிடியை இழுத்தார். ஒரு விரலால் இழுத்தார். ஊசிகள் வழுக்கிக்கொண்டு வந்தன, பை பட்டென்று திறந்தது, துணி ஒழுங்காக மேலே எழும்பியது. இரண்டாவதும் அப்படியே. அவர் என் கையைக் குலுக்கினார். இதைவிட நல்ல மடிப்பை இந்தத் தளத்தில் பார்த்ததில்லை என்றார். உறவுக்காரனைப் பறிகொடுத்தும் இவ்வளவு நிதானமாக நிற்கிறாயே என்றார்.

பிறகு படத்தைப் போட்டார்கள். மடிப்பறைச் சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, வெள்ளைச் சுவரில் காட்டினார்கள். அறையில் அதிகாரி, சார்ஜன்ட், நான், மூன்று பேர்தான். என்னை ஏன் வைத்துக்கொண்டார்கள் என்று அப்போது தெரியவில்லை. சத்தம் இல்லாத படம். படம் ஓட்டும் எந்திரத்தின் கடகடப்பு மட்டும் கேட்டது.

முதலில் வானம் சுழன்றது. பிறகு செல்லக்கண்ணு வந்தான். கைகால் விரித்து, நல்ல வடிவாக, சுவர் நிறைய இருந்தான். சார்ஜன்ட் நெருங்க நெருங்க முகம் பெரிதாகியது. கண்ணாடிக்குள் கண்கள் தெரிந்தன. நேரம் வந்தது, வலது கை மார்புக்குப் போய்ப் பிடியைப் பிடித்தது. பிடித்தது, இழுக்கவில்லை. அவன் உதடு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. மறுபடியும். மூன்று தடவை.

பிறகு அவன் தலையைத் தோள் பக்கமாகத் திருப்பினான். பின்னால் நிற்பவர் பேசுவதைக் கேட்பவன் திரும்புவது போலத் திரும்பினான். கேட்டான். கேட்டுவிட்டுச் சரி என்பது போல லேசாகத் தலையாட்டினான். கை பிடியிலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறு என்று யாரோ சொல்லி, அதற்கு இவன் கட்டுப்பட்டது மாதிரி இருந்தது. சார்ஜன்ட் கையை நீட்டி இழு இழு என்று காட்டுவது படத்தின் ஓரத்தில் தெரிந்தது. செல்லக்கண்ணு அவனைப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தில் பயம் இல்லை. அதை மட்டும் என்னால் இன்றும் மறக்கமுடியவில்லை. பிறகு சார்ஜன்ட்டின் பாராசூட் திறந்து காமிரா மேலே துள்ளியது. செல்லக்கண்ணு கீழே சின்னதாகப் போனான், கை மார்பிலேயே இருந்தது.

சார்ஜன்ட் அழுதுகொண்டிருந்தான். அதிகாரி படத்தைத் திரும்பவும் போடச் சொன்னார். உதடு அசையும் இடத்தில் நிறுத்தி என் பக்கம் திரும்பினார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இவன் என்ன சொல்கிறான், இழுப்பதற்கு முன் எண்ணச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமே, எண்ணுகிறானா என்று கேட்டார்.

எண்ணுகிறான் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். விமானத்திலிருந்து வெளியே வந்ததும் மயக்கம் தட்டி எண்ணிக்கை தவறியிருக்கலாம் என்று முடிவெழுதினார்கள். கீழே சாட்சியாக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்களெல்லாம் போய்விட்டார்கள். சந்திரமதி அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் அதுவரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் மடித்ததில்தானே குதித்தான் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மடிப்பில் குறை இல்லை என்று தளத்திலிருந்து வந்தவர்கள் சொன்னபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இப்போது சட்டையைக் கீழே வைத்துவிட்டு, படத்தில் அவனைப் பார்த்தீர்களாமே, கடைசியில் ஏதாவது சொன்னானா என்று கேட்டாள்.

படம் பார்த்த நாளிலிருந்தே அந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"அக்கான்னு கூப்பிட்டான் சந்திரா. மூணு தடவை," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. குழப்பமாகத்தான் பார்த்தாள்.

"இல்லைங்க," என்றாள். "அன்னிக்கு நீங்க உள்ள படுத்திருந்தீங்க. நான் அடுப்படியில மீன் கழுவிக்கிட்டு இருந்தேன். எனக்குப் பின்னாடி நின்னு கூப்பிட்ட மாதிரி கேட்டுச்சு. அவன் குரல்தான், சந்தேகமே இல்ல. ஆனா அக்கான்னு கூப்பிடல. ராமசாமிண்ணேன்னு கூப்பிட்டான். திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்ல. அப்புறம் மறுபடியும் ரெண்டு தடவை."

கீழே தெருவில் மூன்று சக்கர வண்டிக்காரன் ஒருவன் மணியடித்துக்கொண்டு போனான்.

"செத்துப்போனவரை அவன் எதுக்குங்க கூப்பிடணும்?" என்று கேட்டாள் சந்திரமதி.

உட்காரச் சொன்னேன். ஆயுத பூசையிலிருந்து தொடங்கினேன்.